பிரசவம் இலவசம்னு சொன்னா போதுமா? சியரா லியோன் கதை!

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் குட்டி நாடு சியரா லியோன். 1991-லிருந்து 2002 வரை உள்நாட்டுப் போர். அது ஓய்ந்த பிறகும் பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பது மிக அதிகமாகவே இருந்தது. முக்கியக் காரணம், மருத்துவமனைக் கட்டணம். வலி வந்த பிறகு காசு புரட்ட ஓடணும்!

2010 ஏப்ரல் 27, நாட்டின் சுதந்திர தினம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணம் ரத்து.

சூப்பர்ல? ஆனா, அதுக்கு முந்தைய மாசமே மருத்துவ ஊழியர்கள் ஸ்டிரைக்! கூட்டம் குவியும், வேலை கூடும். சம்பளம் மட்டும் அதேதானான்னு கேட்டாங்க. நியாயம்தானே? நோயாளிகள் கொடுத்த காசில்தான் பல ஊழியர்கள் வீட்டில் அடுப்பே எரிந்தது. அரசு சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தியது. வேலைக்கே வராமல் பட்டியலில் மட்டும் இருந்த பெயர்களை நீக்கியது. சம்பளத்துக்கு பிரிட்டன் அரசும் குளோபல் ஃபண்டும் நிதி கொடுத்தன. கட்டடம் கட்டத்தான் பொதுவா நன்கொடை கிடைக்கும். நர்ஸ் சம்பளத்துக்குக் கிடைப்பது அபூர்வம்.

மருந்து சப்ளைதான் சொதப்பல். ஸ்டாக் இல்லைன்னா வெளியே காசு கொடுத்து வாங்கணும், அப்புறம் என்ன இலவசம்?

2014-ல் எபோலா வந்தது. கட்டணமே இல்லாத வார்டுகளுக்கு வரவும் கர்ப்பிணிகள் பயந்தார்கள்.