காக்கும் மரபணு எப்போது காக்காமல் போகிறது? ஜப்பானிய மதுச்சார்பை முன்வைத்து

மதுச்சார்பில் பரம்பரையின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், இரட்டையர் ஆய்வுகள் ஏறத்தாழப் பாதி என்கின்றன. இதைப் பலர் தனிமனிதருக்குள் நடக்கும் பாகப்பிரிவினையாகப் புரிந்துகொள்கிறார்கள்: குடியில் பாதி தகப்பன் கொடுத்தது, மீதி தெருமுனைக் கடை கொடுத்தது என்பதாக. அந்த விகிதம் சொல்வது வேறு. ஒரு குறிப்பிட்ட சமூகத்தில், குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டைச் சார்ந்தது என்பதே அதன் பொருள். சமூகம் மாறினால் விகிதமும் மாறும். ஒரு மரபணுவை வைத்தே இதைப் பார்க்கலாம்.

குடித்த மது கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாகிறது, பிறகு ஏ.எல்.டி.எச்.2 என்ற நொதி அதைத் தீங்கற்ற அசிடேட்டாக மாற்றுகிறது. கிழக்காசியர் பலரிடம் இந்த நொதியின் மரபணு ஓரிடத்தில் மாறியுள்ளது. அவர்கள் கொஞ்சம் குடித்தாலே நச்சு தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். (நம் குடிநோய் மீட்பு மையங்களில் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை செய்வதும் ஏறக்குறைய இதையே.) பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தவர்கள் மதுச்சார்பாளர் ஆவது மிக அரிது. ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்குக் காப்பு உண்டு, ஆனால் அரைகுறையானது. கவனிக்க: இம்மரபணுவின் முக்கிய வேலைக்களம் மூளையின் இன்பச்சுற்று அல்ல, கல்லீரல். 'அடிமை மரபணு' என்ற சொல்லாட்சி எவ்வளவு தளர்வானது என்பதற்கு இதுவே போதும்.

ஹிகுச்சியும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் லான்செட் இதழில் வெளியிட்ட எண்கள்தான் என் வாதத்தின் அச்சு. ஜப்பானிய மதுச்சார்பாளர்களில் ஒற்றைப் பிரதியர் 1979இல் 2.5 விழுக்காடு, 1986இல் 8, 1992இல் 13. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணுத் தொகுப்பு இப்படி மாறாது. மாறியது நாட்டின் குடிப்பழக்கம்: தலைக்கு மது நுகர்வு உயர்ந்திருந்தது, தானியங்கி எந்திரங்களில் பீர் கிடைத்தது, வேலை முடிந்து சக ஊழியர்களோடு குடிப்பது அலுவலகக் கடமைபோல் ஆகியிருந்தது. முகம் சிவந்தாலும் கோப்பையைத் தள்ளிவைக்க முடியாத இடத்தில் அரைக்காப்பு பலனிழந்தது.

சிகிச்சைக்கு வருவோரின் வகை மாறியதால் எண்கள் ஏறியிருக்கலாம் என்ற மறுப்பு எழலாம். அதற்கும் ஓரளவு பங்கிருக்கலாம். ஆனால் மரபணுவின் செல்வாக்கு சூழலைப் பொறுத்தது என்பதையே பின்லாந்தின் பதின்பருவ இரட்டையர் ஆய்வுகளும் காட்டுகின்றன: கட்டுப்பாடு மிகுந்த கிராமங்களைவிட நகரங்களில் குடிப்பழக்கத்தின் மீது மரபணுவின் செல்வாக்கு கூடுதல். அங்கே தளர்ந்த சூழல் மரபணுவுக்கு இடம் கொடுத்தது. ஜப்பானில் சூழலின் அழுத்தம் அதன் குரலை அமுக்கியது.

எனவே ஒருவரின் மரபணுவைச் சோதித்து அவருடைய 'அபாய மதிப்பெண்' இதுவெனச் சொல்வோர், எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒற்றைப் பிரதியர் விஷயத்தில் இது வெறும் கணக்குத் திருத்தம் அல்ல. அவர்கள் தொடர்ந்து குடித்தால், அதே அளவு குடிக்கும் மற்றவர்களைவிட உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். முன்பு அவர்களைக் குடியிலிருந்து தடுத்த அசிட்டால்டிஹைடுதான் அதற்கும் காரணம்.