குளோசபின்: பெர்னில் பிறந்த மஞ்சள் மாத்திரை

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருந்த வாண்டர் கம்பெனியை உலகம் ஒரு சத்துப் பானத்தால்தான் அறிந்திருந்தது. 1904-ல் அது விற்பனைக்குக் கொண்டுவந்த ஓவோமால்டின், நம் ஊர்க் கடைகளுக்கு ஓவல்டின் என்ற பெயரில் வந்தது. அதே கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1950களின் கடைசியில் வேதியியலாளர்கள் வேறொரு வேலையில் இருந்தார்கள். மனச்சோர்வுக்குத் தரப்படும் இமிப்ரமின் மருந்தின் மூன்று வளைய அமைப்பை மாதிரியாக வைத்துக்கொண்டு, புதிய சேர்மங்களை வரிசையாகச் செய்து பார்த்தார்கள். அந்த வரிசையில் வந்த மஞ்சள் பொடி ஒன்றுதான் குளோசபின். சோதித்துப் பார்த்தால், அது மனச்சோர்வு மருந்தைப் போல நடந்துகொள்ளவில்லை. மனச்சிதைவு நோய்க்குக் கொடுத்துவந்த குளோர்ப்ரோமசினின் குணம் அதில் இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். 1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் குளோர்ப்ரோமசின் புழக்கத்துக்கு வந்ததிலிருந்தே, இந்த வகை மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். இதைப் பார்த்துப் பார்த்து, விறைப்பு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்றே மருத்துவர்கள் பலர் நம்பத் தொடங்கியிருந்தார்கள். குளோசபின் சாப்பிட்டவர்களுக்கு விறைப்பும் இல்லை, நடுக்கமும் இல்லை. அதனாலேயே அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் மனநல மருத்துவர்கள் சிலர் மட்டும் விடாமல் கொடுத்துப் பார்த்தார்கள். வாண்டர் கம்பெனி 1967-ல் சாண்டோஸின் கைக்குப் போனது. 1972-ல் சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் லெபோனெக்ஸ் என்ற பெயரில் மாத்திரை கடைக்கு வந்தது.

மூன்றே ஆண்டுகளில் அதன் பெயர் கெட்டது. 1975-ல் பின்லாந்தில், மாத்திரை தொடங்கிய சில மாதங்களுக்குள் பலருக்கு ரத்தத்தின் வெள்ளணுக்கள் சடசடவென்று இறங்கின. நோய்த்தொற்றை எதிர்க்க உடலில் ஆள் இல்லாமல் போனதால் 8 பேர் இறந்தார்கள். சாண்டோஸ் பல நாடுகளில் மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முழுவதுமாகத் தூக்கி எறியவும் முடியவில்லை. வேறு எதிலும் தேறாமல் இதில் மட்டும் தேறிய நோயாளிகள் இருந்தார்கள். அவர்களிடமிருந்து மாத்திரையைப் பிடுங்க அவர்களின் மருத்துவர்கள் சம்மதிக்கவில்லை. ரத்தத்தை அடிக்கடி சோதிப்பது என்ற நிபந்தனையோடு மருந்து ஓர் ஓரத்தில் உயிர் பிழைத்துக் கிடந்தது.

அதை மீட்டது 1988-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று. ஜான் கேன் குழுவினர் 16 மருத்துவமனைகளில் மிகக் கடினமான நோயாளிகள் 268 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று மருந்துகளுக்காவது பிடிகொடுக்காதவர்கள் அவர்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, குளோர்ப்ரோமசின் தரப்பட்டவர்களில் 4 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். குளோசபின் தரப்பட்டவர்களில் 30 சதவீதம். அடுத்த ஆண்டே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது, கறாரான ஒரு விதியோடு. வாராவாரம் ரத்தம் கொடுத்து, வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் அடுத்த வாரத்து மாத்திரை கிடைக்கும். பரிசோதனையும் மாத்திரையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 9,000 டாலர் ஆனதால் ஏழை நோயாளிகள் தவித்ததும், மாநில அரசுகள் வழக்குக்குப் போனதும் தனிக்கதை.

அந்த விதி பலித்தது. வெள்ளணு குறைந்து இறப்பது அபூர்வமாகிப் போனது. ஆனால் வாராவாரம் எடுத்த அதே ரத்தத்தில் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

1994-ல் மருத்துவ இதழ்களில் முதல் குறிப்புகள் வரத் தொடங்கின. குளோசபின் சாப்பிட்டுவந்த சிலரின் சர்க்கரை திடீரென்று எகிறியிருந்தது. சிலர் ரத்தத்தில் அமிலம் கூடி அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். பிறகு பாஸ்டனில் டேவிட் ஹெண்டர்சன் குழுவினர் 82 பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் காலத்துக்குள் 30 பேருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டிருந்தது. மூன்றில் ஒருவருக்கும் மேல்.

மருந்து இதை எப்படிச் செய்கிறது? மூளையில் போதும் என்ற உணர்வைத் தரும் ஹிஸ்டமின், செரடோனின் ஏற்பிகள் சிலவற்றை அது அடைத்துவிடுகிறது. பசி அடங்குவதில்லை. தூக்கக் கலக்கத்தில் நடமாட்டமும் குறைகிறது. எடை கூடுகிறது, இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு இணங்குவதில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கத் தூண்டும் ஏற்பி ஒன்றையும் இந்த மருந்து தடுக்கிறது. அதனால்தான் எடை கூடாத சிலருக்கும், தொடங்கிய சில மாதங்களிலேயே, சர்க்கரை ஏறிவிடுகிறது.

பழி முழுவதையும் மாத்திரையின் மேல் போட முடியாது. மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவு அதிகம் தென்படுவதாக, இந்த மருந்துகள் எதுவும் இல்லாத 1879-லேயே ஆங்கில மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி எழுதியிருக்கிறார். வறுமை, புகைப்பழக்கம், வீட்டுக்குள் முடங்கிய வாழ்க்கை எல்லாம் சேர்ந்து, மனச்சிதைவு நோயாளிகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பை மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்காக்குகின்றன. ஏற்கெனவே சரிவில் நிற்கிறவரை மருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது.

குளோசபினுக்கு வாரிசுகளும் வந்தன. அதன் அமைப்பைப் பார்த்துச் செய்த ஓலன்சபின் 1996-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. வெள்ளணுப் பயம் அதில் இல்லாததால் உலகமெங்கும் பரவியது. சர்க்கரை ஏற்றும் குணம் மட்டும் அப்படியே கூட வந்தது. நீரிழிவு ஆபத்தைச் சரியாக எச்சரிக்கவில்லை என்று குற்றம்சாட்டிய ஏறத்தாழ 8,000 பேரின் கோரிக்கைகளை, அதைத் தயாரித்த எலி லில்லி நிறுவனம் 2005-ல் 69 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 2003-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குளோசபின், ஓலன்சபின் உள்ளிட்ட புதிய தலைமுறை மனச்சிதைவு மருந்துகள் அனைத்தின் உறையிலும் நீரிழிவு எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. 2004-ல் அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவர் சங்கங்கள் கூடி, குளோசபினும் ஓலன்சபினும்தான் ஆபத்தில் முதல் வரிசை என்றன. எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை எப்போது பார்க்க வேண்டும் என்று அட்டவணையும் போட்டார்கள்.

அட்டவணை காகிதத்தில் நின்றது. மூன்று அமெரிக்க மாநிலங்களில் அரசுக் காப்பீட்டில் இருந்த நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, எச்சரிக்கைக்குப் பிறகும் மருந்து தொடங்குகிறவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்களுக்கே சர்க்கரைப் பரிசோதனை நடந்திருந்தது. அன்று வெள்ளணு பார்க்காவிட்டால் மாத்திரை கிடைக்காது. சர்க்கரை பார்க்காவிட்டால் கேட்பார் இல்லை. சில வாரங்களில் கொல்லும் ஆபத்துக்குச் சட்டம் வந்தது. இருபது ஆண்டு எடுத்துக்கொண்டு சிறுநீரகத்தையும் இதயத்தையும் அரிப்பதற்கு வெறும் பரிந்துரைதான் கிடைத்தது.

அப்படியானால் குளோசபினை ஒதுக்கிவிடலாமா? அதற்கான பதில், அதைக் கெட்ட பெயர் எடுக்கவைத்த அதே பின்லாந்திலிருந்து 2009-ல் வந்தது. 66,881 நோயாளிகளின் பதினோரு ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்த யாரி தீஹோனன் குழுவினர், மற்ற எந்த மனச்சிதைவு மருந்தையும்விடக் குளோசபின் சாப்பிட்டவர்களிடையே இறப்பு குறைவு என்று கண்டார்கள். தற்கொலை அபாயத்தைக் குறைப்பதற்கென்றே அமெரிக்கா அதற்கு 2002-ல் தனி அனுமதி கொடுத்திருந்தது. சர்க்கரை ஏற்றும் மருந்துதான், ஆயினும் ஆயுளைக் காக்கும் மருந்தும் அதுவே. எடை கூடத் தொடங்கும்போதே மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஏற்றம் ஓரளவு கட்டுப்படும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வெள்ளணு முடிவைக் காட்டினால்தான் மாத்திரை என்ற கட்டாயத்தை அமெரிக்கா 2025-ல் விலக்கிக்கொண்டது. சோதனையைத் தொடரும்படி அறிவுரை மட்டும் இருக்கிறது.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு மதிப்பிட்டது. ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு அது வந்துவிடுகிறது. ஆகவே வீட்டில் யாராவது குளோசபினோ ஓலன்சபினோ சாப்பிடுகிறார் என்றால், தொடங்கும்போது ஒரு முறை, மூன்றாம் மாதம் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். அடக்க முடியாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மூச்சிரைப்பு தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பயந்துகொண்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் இன்னும் கடுமையாகத் திரும்பக்கூடும். குளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளணுவுக்காக எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள். கூடவே எச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனையையும் பார்க்கச் சொன்னால் போதும், அதற்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை. மருத்துவர் சீட்டில் எழுத மறந்தால் நீங்கள் கேளுங்கள்.