ஹாம்ஸ்ரெட் காப்பகமும் குழந்தைகளின் மனமும்

குழந்தையின் மனம் நோகும்போது குழந்தையை மட்டும் பார்த்தால் போதாது, அது உறங்கும் வீட்டையும் சோறூட்டும் கையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த அறிவில் பெரும்பங்கு அகதிகளின் உழைப்பால் வந்தது என்பதை அகதிகளான நாமே அதிகம் அறியோம்.

1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி, தந்தை சிக்மண்ட் பிராய்டுடன் வியன்னாவிலிருந்து லண்டன் வந்தவர் அன்னா பிராய்ட். லண்டன்மீது குண்டுகள் விழத் தொடங்கியபின், தோழி டொரதி பேர்லிங்ஹாமுடன் சேர்ந்து ஹாம்ஸ்ரெட்டில் யுத்தகாலக் குழந்தைகள் காப்பகத்தை நடத்தினார். பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களில் பலர் ஜேர்மனியிலிருந்தும் ஒஸ்திரியாவிலிருந்தும் ஓடிவந்தவர்கள்.

1939 செப்ரெம்பரில் சில நாட்களுக்குள் சுமார் 15 இலட்சம் பேர், பெரும்பாலும் சிறுவர், நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். உயிர் தப்பினால் போதும் என்பதே எல்லோரது நினைப்பும். ஆனால் காப்பகத்தில் கண்டது வேறு. தாயின் அருகிலிருந்து குண்டுவீச்சைக் கண்ட பிள்ளை அவ்வளவாகக் கலங்கவில்லை. தாயைப் பிரிந்த பிள்ளையே உடைந்துபோனது.

ஆகவே தாய்மார் இரவோ பகலோ எந்நேரமும் வந்துபோகலாம் என்றார்கள். சிலருக்கு அங்கேயே வேலை கொடுத்தார்கள். நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெண் எனச் சிறு குடும்பங்களாகப் பிரித்தார்கள். உடனே அமைதி வந்துவிடவில்லை; பொறாமையும் அழுகையும் அடிபிடியும்தான் முதலில் கூடின. உரிமை கொண்டாட ஒருத்தி கிடைத்துவிட்டாளல்லவா!

வேலைசெய்த எல்லோரும் தாம் கண்டதை அட்டைகளில் எழுதவேண்டும். கொதிகலனைக் கவனித்த ஜேம்ஸ் றொபேட்சனுக்கும் அதே விதிதான். அவரே பின்னர், 1952இல், வைத்தியசாலையில் தாயின்றி விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையைப் படம்பிடித்துக் காட்டினார். மருத்துவர்கள் பலர் கோபித்தார்கள். ஆனால் 1959இல் வெளியான பிளற் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றது.

1945இல் தெரேசியன்ஸ்ரட் முகாமிலிருந்து மீட்கப்பட்ட ஆறு குழந்தைகள் சசெக்சில் ஒரு வீட்டுக்கு வந்தார்கள். ஒருவருக்கும் நாலு வயது நிறையவில்லை, பெற்றோர் கொல்லப்பட்டுவிட்டனர். பெரியவர்களைக் கடித்தார்கள், துப்பினார்கள், விளையாட்டுப் பொருட்களை உடைத்தார்கள். ஆனால் ஒருவரையொருவர் ஒருகணமும் பிரியமாட்டார்கள். உணவில் தன் பங்கைவிட மற்றவனின் பங்கைப் பற்றியே கவலைப்பட்டார்கள். அந்தப் பிணைப்பை நோயென்று பிரிக்காமல் அப்படியே விட்டு வளர்த்தது அன்னா பிராய்டின் குழு. அவர்கள் தாயாகவும் தகப்பனாகவும் அறிந்தது ஒருவரையொருவர்தான்.

1983க்குப்பின் நாமும் எங்கள் பொடியன்களைத் தனியே விமானமேற்றினோம். காணியை ஈடுவைத்து, ஏஜென்சிக்குக் காசு கட்டி அனுப்பிய தாய்மாரைக் குறைசொல்ல எவருக்கும் வாய் வராது, உயிர் மிஞ்சவேண்டியிருந்தது. பதினைந்து, பதினாறு வயதில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராக நெருங்கிப் படுத்து, ஒருவன் வேலையால் வரும்வரை மற்றவன் சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தார்களே, அந்த அறைகளுக்குள் எந்த உளமருத்துவரும் நுழையவில்லை. எவரும் அட்டையில் எழுதவுமில்லை. அவர்களில் பலர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். கேட்டால் சொல்வார்கள்.