போலீஸ் சம்பளம், ஓவர்டைம்: தலைப்பை மட்டும் படித்தால் போதாது

'போலீசாருக்கு 15 விழுக்காடு சம்பள உயர்வு' என்ற தலைப்பைப் பார்த்ததும், மொத்தச் சம்பளமும் ஒரே மாதத்தில் அந்த அளவு ஏறிவிடும் என்றே பலரும் எண்ணுவார்கள். எஸ்பிஎம் முடித்துப் போலீஸ் வேலைக்கு மனு செய்யக் காத்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் இது இன்னும் பெரிய நம்பிக்கை. அந்தத் தலைப்பு பொய்யில்லை; ஆனால் முழு விவரமும் இல்லை.

முதலில் விழுக்காடு. 2024 ஆகஸ்டு 16-இல் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் விவரித்த பொதுச் சேவை ஊதிய முறை, போலீசார் மட்டுமின்றி அரசு ஊழியர்கள் அனைவருக்கும் உரியது. உயர்மட்ட நிர்வாகிகள் தவிர்த்த மற்றவர்களுக்கு 2024 டிசம்பர் 1 முதல் 8 விழுக்காடு, 2026 ஜனவரி 1 முதல் 7 விழுக்காடு என இரண்டு கட்டமாக உயர்வு. கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான்; படிகளும் சேர்ந்த மொத்தத் தொகையின் மீது அல்ல.

அடுத்து, 'குறைந்தது 2,000 ரிங்கிட்டுக்கு மேல்' என்ற செய்தி. 2024 மே 1-இல் அறிவிக்கப்பட்ட அந்தத் தொகையில் வீட்டுப்படி போன்ற நிலையான படிகளும் அடங்கும். அதை அடிப்படைச் சம்பளம் என்று எழுதினால் தவறு.

மூன்றாவது ஓவர்டைம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 'ஒன்றரை மடங்கு' விதி தனியார் துறைத் தொழிலாளர்களுக்கானது. போலீசாரின் பணி நேரமும் படியும் அரசாங்கச் சுற்றறிக்கைகளின்படி நடக்கின்றன. 1959-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டப்படி அவர்கள் தொழிற்சங்கம் அமைக்கவும் முடியாது.

இந்தக் குழப்பம் நம்மையும் பாதிக்கும். சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் பக்கத்தில் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ காவலாளியாக இருப்பவர், 'போலீசுக்கே ஓவர்டைம் சட்டம் இல்லையாம், நமக்கு ஏது?' என்று பேசாமல் இருந்துவிடக் கூடாது. தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் அவருக்கு அந்தச் சட்டம் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 45 மணி. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத சம்பளக்காரர்கள் ஓவர்டைம் கேட்கலாம்.

கணக்கு எளிது. மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட், நாள் வேலை 8 மணி என்றால், 1,700-ஐ 26-ஆல் வகுத்து, மீண்டும் 8-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 8 ரிங்கிட் 17 காசு. சாதாரண நாளில் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் ஒன்றரை மடங்கு, அதாவது 12 ரிங்கிட் 26 காசு. ஓய்வு நாளில் இரு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு.

சம்பளச் சீட்டில் இது குறைந்தால், வேலை செய்த நேரத்தை ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வையுங்கள். சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போய்க் கேளுங்கள்.