கறுப்போடு கறுப்பு: ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கதை

மாமாவின் டிடிபி கடையில் 1998ல் வாங்கிய பென்டியம் எம்எம்எக்ஸ் கணினி ஒன்று இருக்கிறது. கடையை மூடி வருஷங்கள் ஆயிற்று. தாத்தா கையால் எழுதிய எங்கள் ஊர் வரலாற்றை, 140 பக்கம், மாமா அதில்தான் அடித்து வைத்தார். கையெழுத்துப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. தாத்தாவும் இல்லை. போன விடுமுறையில் கணினியை ஆன் செய்தோம். ஒரு கருகல் வாசனை, அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ் போய்விட்டது.

"ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கணினியில் போட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். போட்டோம். கோப்பு இருக்கிறது, ஆனால் திறந்தால் தமிழ் வரவில்லை, கோழி கிண்டியது போல ஏதோ வந்தது. அந்தக் காலத்து எழுத்துரு மென்பொருள், பிரிண்டர் போர்ட்டில் ஒரு 'லாக்' செருகினால்தான் ஓடும். ஆகவே அந்தக் கணினியேதான் எழுந்திருக்க வேண்டும்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. எந்த ஒயர் எங்கே என்று புரிய முப்பது, நாற்பது வருஷ வரலாற்றைப் படிக்க வேண்டியதாயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். எஸ்எம்பிஎஸ் என்றால் ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை. பழைய முறையில், சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஒரு கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கும். மிச்சத்தைச் சூடாக வீணடித்துத்தான் 5 வோல்ட்டை நிலையாக வைக்கும். எஸ்எம்பிஎஸ் வேறு வழி. 230 வோல்ட்டை முதலில் சுமார் 325 வோல்ட் டிசியாக மாற்றி, அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிடும். சூடும் குறையும்.

இதைக் கண்டுபிடித்தது ஆப்பிள் என்று ஒரு கதை உண்டு. 1977ல் வந்த ஆப்பிள் II கணினிக்கு ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் எஸ்எம்பிஎஸ் வடிவமைத்தார். உள்ளே விசிறி இல்லாமல் கணினி செய்ய ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பியதே காரணம். பின்னால் வந்த எல்லாக் கணினிகளும் ஹோல்ட்டைக் காப்பியடித்தவை என்று ஜாப்ஸ் சொன்னதாக, 2011ல் வால்டர் ஐசக்சன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. ஹோல்ட்டின் வேலை நல்ல வேலைதான், காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் இந்த முறை 1960களிலேயே செயற்கைக்கோள்களில் இருந்தது. 1970களில் அதிக வோல்ட்டைத் தாங்கி வேகமாக இயங்கும் டிரான்சிஸ்டர்கள் மலிவானதால்தான் அது மேஜைக்கு வந்தது. தவிர ஹோல்ட்டின் சுற்று ஃப்ளைபேக் வகை. பின்னால் பிசிக்களில் வந்தவற்றில் பெரும்பாலானவை வேறு வகை. பெயர் பெற்றது ஒருவர், பாடுபட்டது பலர். வரலாற்றில் இது புதிதில்லை.

சரி, நம் கணினிக்கு வருவோம். ஆகஸ்ட் 1981ல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது 63.5 வாட் எஸ்எம்பிஎஸ். இன்றைக்கு ஒரு லேப்டாப் சார்ஜர் அளவு! ஹார்ட் டிஸ்க்கோடு வந்த 1983 எக்ஸ்டிக்கு 130 வாட். 1984ல் வந்த ஏடிக்கு 192 வாட். இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஓரளவு சுமை இருந்தால்தான் ஓடும். ஹார்ட் டிஸ்க் இல்லாமல் விற்ற ஏடி கணினிகளில், அந்த இடத்தில் ஐபிஎம் 5 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அனுப்பியது. சும்மா சூடாவதற்கென்றே ஒரு பாகம் :-)

மதர்போர்டுக்குப் போகும் ஒயர்களுக்கு ஐபிஎம் ஆறு ஆறு முனையாக இரண்டு கனெக்டர் வைத்தது: பி8, பி9. மற்ற கம்பெனிகளும் அதையே பின்பற்றின. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. இடம் மாற்றிச் செருகினால், கிரவுண்ட் இருக்க வேண்டிய முனையில் 5 வோல்ட் போய் நிற்கும். போர்டு போனது போனதுதான். இதற்காக மெக்கானிக்குகள் வாயால் கற்றுக்கொண்ட ஒரே பாடம், 'கறுப்போடு கறுப்பு': இரண்டு கனெக்டரின் கறுப்பு ஒயர்களும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். மாமாவுக்கு எஸ்எம்பிஎஸ் பற்றித் தெரிந்த ஒரே விஷயமும் இதுதான்.

ஏடி காலத்தில் முன்பக்க சுவிட்ச் நிஜமான சுவிட்ச். 230 வோல்ட் அதுவரை வரும். அதனால்தான் விண்டோஸ் 95ல் ஷட் டவுன் செய்தால், 'இப்போது அணைக்கலாம்' என்று திரையில் எழுதிவிட்டுக் காத்திருக்கும். கணினியால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ள முடியாது.

1995ல் இன்டெல் ஏடிஎக்ஸ் முறையைக் கொண்டுவந்தது. 20 முனைக்கு ஒரே கனெக்டர், தப்பாகச் செருக முடியாது. அப்போது பிராசசர்கள் 5 வோல்ட்டிலிருந்து 3.3க்கு இறங்கியிருந்தன, அதற்கும் தனி ஒயர் வந்தது. பச்சை ஒயரை கிரவுண்டோடு சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் எழும். ஊதா ஒயரில், அணைத்திருந்தாலும் 5 வோல்ட் இருக்கும். எனவே ஏடிஎக்ஸ் கணினியில் கை வைக்குமுன் பிளக்கையே பிடுங்க வேண்டும்.

2000ல் பென்டியம் 4க்காக 12 வோல்ட் தரும் நான்கு முனை கனெக்டர் சேர்ந்தது. 2003ல் 20 முனை 24 ஆனது. சுமை 5 வோல்ட்டிலிருந்து 12க்கு நகர்ந்துவிட்டது. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்குச் சிக்கலே இங்கேதான். இன்றைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பங்கு 12 வோல்ட்டில்தான். ஆனால் பிராசசருக்கான மின்சாரத்தை 5 வோல்ட்டிலிருந்து எடுக்கும் போர்டுகள் பல உண்டு. அத்லான் எக்ஸ்பி போர்டுகள் பலவும் அப்படித்தான். ஆகவே மொத்த வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். லேபிளில் 5 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பழைய லேபிளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னும் மூன்று பொறிகள்.

ஒன்று, நிறம். ஏடியில் ஆரஞ்சு ஒயர் 'பவர் குட்' சிக்னல். ஏடிஎக்ஸில் ஆரஞ்சு என்றால் 3.3 வோல்ட், பவர் குட் சாம்பல் நிறம். நிறத்தை நம்பி ஒட்டுப்போட்டால் கதை முடிந்தது.

இரண்டு, மைனஸ் 5 வோல்ட். பழைய ஐஎஸ்ஏ கார்டுகள் சிலவற்றுக்கு மட்டும் இது தேவை. புது எஸ்எம்பிஎஸ்களில் இருக்காது.

மூன்று, உருவம் ஒன்று உள்ளே வேறு. 1990களின் கடைசியில் டெல் சில டெஸ்க்டாப்களில் ஏடிஎக்ஸ் போலவே இருக்கும் கனெக்டரை வைத்து, ஒயர் வரிசையை மட்டும் மாற்றியிருந்தது. சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் அழகாக உட்காரும், போர்டும் அழகாகப் போகும்.

நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் போர்டில் ஏடி கனெக்டர் மட்டும்தான். புது ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒன்றும், 20 முனையை பி8, பி9 ஆக மாற்றும் கன்வெர்ட்டர் ஒயரும் வாங்கினோம். பெட்டி அளவு ஒன்றேதான், நான்கு திருகும் அப்படியே பொருந்தின. பழைய பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றேன், மாமா விடவில்லை. நல்லவேளை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம் என்று பிறகுதான் படித்தேன். முன்பக்க சுவிட்சிலிருந்து 230 வோல்ட் ஒயர்களை முழுக்க எடுத்துவிட்டு, கன்வெர்ட்டரின் பச்சையையும் கறுப்பையும் அதில் இணைத்தோம்.

போர்டில் செருகுமுன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 5 வோல்ட் என்றால் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். 5.08 காட்டியது. பிறகு செருகினோம். கறுப்போடு கறுப்பு என்று மாமா மூன்று தடவை சொன்னார்.

மெமரி எண்ணியது. ஒரு பீப். சிமாஸ் பேட்டரி செத்திருந்ததால் ஹார்ட் டிஸ்க்கை பயாஸில் மறுபடி காட்ட வேண்டியிருந்தது. கோப்பைத் திறந்தோம், தமிழ் வந்தது. முதல் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்தை யார் வெட்டினார்கள் என்று தாத்தா எழுதியிருக்கிறார். மாமா ஒன்றும் பேசாமல் படித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது அதை யூனிகோடில் மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறேன். 31 பக்கம் முடிந்தது. வீட்டில் பழைய கணினி இருந்தால் தூக்கிப்போடுமுன் ஒரு தடவை யோசியுங்கள். போனது எஸ்எம்பிஎஸ் மட்டுமாகக்கூட இருக்கலாம்.