பண்டிதரும் பிலாலஜிஸ்டும்

கற்றவரைக் குறிக்க ஆங்கிலம் கடன்கொண்ட சொற்களுள் இரண்டு நம் கவனத்துக்குரியவை. கிரேக்க வேர்களிலிருந்து பிறந்த 'பிலாலஜிஸ்ட்' என்பதற்குச் சொல்லை நேசிப்பவர் என்பது வேர்ப்பொருள். வடமொழிப் 'பண்டிதர்' பதினேழாம் நூற்றாண்டில் 'பண்டிட்' ஆயிற்று. ஆங்கிலேயர் நீதிமன்றங்களில் இந்துச் சட்டம் உரைத்த அலுவலரும் பண்டிட் எனப்பட்டார். 1864இல் அப்பதவி ஒழிந்தது. இன்று அச்சொல், பெரும்பாலும் தொலைக்காட்சியில் அரசியலும் ஆட்டமும் அலசுவோரையே சுட்டுகிறது, சற்றே எள்ளலுடன்.

முத்தையாபுரத்தில் வாழும் நமக்கு இது அயல்நாட்டுக் கதையன்று. நமக்குத் தெற்கே இடையன்குடியில் சமயப்பணி ஆற்றிய கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, பிலாலஜிஸ்ட் எனப் புகழ்பெற்றார். அதற்கு நாற்பதாண்டு முன்பே, 1816இல், தென்மொழிகள் தனிக்குடும்பம் என எல்லிஸ் எழுதிவிட்டார். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் பட்டாபிராம சாஸ்திரி போன்ற பண்டிதர்களின் தெலுங்குப் புலமை அவருக்குத் துணைநின்றது.

வேரைத் தொகுத்தவர் பண்டிட். அதை ஒப்பிட்டு நூலாக்கியவர் பிலாலஜிஸ்ட். பெயரிலேயே படிநிலை அமைந்துவிட்டது. கால்டுவெல்லைப் பாடம் சொல்லும் நாம், எல்லிசையும் அந்தச் சாஸ்திரியையும் சேர்த்துச் சொன்னாலன்றி மொழிநூல் வரலாறு நிறைவுறாது.