பெயரில்லாத நாலு சுவிட்ச்

போன மாசி மாசம் ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பா வட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருக்கு வேலையிடத்தில் புதிதாகக் குடுத்த ட்ரக்கின் டாஷ்போர்ட் அது. ரேடியோவுக்கு ரேடியோ எண்டு எழுதியிருக்கு. ஹீற்றருக்குப் படம் போட்டிருக்கு. ஒரு மூலையில் இருக்கிற நாலு சுவிட்சுக்கு மட்டும் பெயரில்லை. 'ஓக்ஸ்' எண்டு போட்டு 1, 2, 3, 4 எண்டு இலக்கம். கீழே ஒரு குரல்பதிவு: "நீ வரலாறுதானே படிக்கிறாய், இதுக்கு ஏன் ஒருத்தரும் பேர் வைக்கேல்லை எண்டு சொல்லு பாப்பம்."

பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பகிடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. தெருவிளக்குத் திருத்துகிற வேலை அவருக்கு. முந்தின வருசப் பனிக்காலத்தில், ஒரு இரவு, பழைய ட்ரக்கைத் தெருவோரம் நிப்பாட்டி வேலை செய்யேக்க, மேலே சுழலுகிற மஞ்சள் எச்சரிக்கை விளக்குகள் மங்கி மங்கி அணைஞ்சு போச்சு. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் பற்றரி இறங்கிவிட்டது. பின்னால் வாகனங்கள் வேகமாக வர, சித்தப்பா கைடோர்ச்சை ஆட்டிக்கொண்டு பனிக்குள் நின்றிருக்கிறார். அடுத்த நாள் "உனக்கு ட்ரக் பாவிக்கத் தெரியாது" எண்டு அவருக்குத்தான் ஏச்சு விழுந்தது.

எஞ்சின் ஓடேக்க பற்றரி எப்படி இறங்கும்? அதைத் தேடப்போன இடத்தில்தான், அந்த நாலு சுவிட்சுக்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கு எண்டு எனக்கு விளங்கியது. கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு வயரோடு என்ன வேலை எண்டு கேட்காமல் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ.

ஒரு வாகனம் கியரில் இல்லாமல், அக்சிலறேற்றர் மிதிக்காமல், சும்மா உறுமிக்கொண்டு நிற்கிற நிலையை ஐட்லிங் என்கிறோம். அப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 600, 700 தரம்தான் சுற்றும். தன்னைத் தானே அணையாமல் வைத்திருக்க அது போதும். மின்சாரம் தருகிற அல்ரனேற்றரும், ஆளைத் தூக்குகிற கூடையை உயர்த்தும் ஹைட்ரோலிக் பம்பும் அந்த எஞ்சினின் சுற்றில்தான் இயங்குகின்றன. சுற்றுக் குறைந்தால் அவை தருவதும் குறையும். விளக்குகள் கேட்பதோ குறையாது. குறைகிற மிச்சத்தைப் பற்றரி தன் கையிருப்பிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும், முடியுமட்டும். இதைத் தீர்க்கத்தான் நிற்கிற எஞ்சினை 1,200 சுற்றளவுக்கு உயர்த்தி வைக்கிற ஏற்பாடு வந்தது. அதாவது, ஓடுவதற்காகச் செய்த வாகனத்தை நிற்கவைத்து வேலை வாங்குவது.

இந்த ஆசை புதிசில்லை. ஃபோர்ட் கம்பனியின் மொடல் ரீ கார் 1908 முதல் 1927 வரை 1.5 கோடி அளவில் செய்யப்பட்டது. அந்தக் காரில் காலால் மிதிக்கிற அக்சிலறேற்றர் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் தள்ளுகிற ஒரு நெம்புதான். தள்ளின இடத்தில் அது நிற்கும். அமெரிக்கக் கிராமத்து விவசாயிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பின்சில்லு ஒன்றை ஜாக் வைத்து உயர்த்தி, அதில் பெல்ற் மாட்டி, விறகு அரிந்தார்கள், தானியம் அரைத்தார்கள், தண்ணி இறைத்தார்கள், உடுப்புத் துவைக்கிற இயந்திரத்தைக்கூட ஓட்டினார்கள். ரொனால்ட் க்ளைன், ட்ரெவர் பிஞ்ச் எண்ட இரண்டு ஆய்வாளர்கள் 1996 இல் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். கார் என்றால் என்ன எண்டதைக் கம்பனி மட்டும் தீர்மானிக்கவில்லை, வாங்கிப் பாவித்த சனமும் சேர்ந்துதான் தீர்மானித்தது எண்டது அவர்கள் சொன்ன விசயம்.

பிறகு அக்சிலறேற்றர் காலுக்குப் போனது. ஓடுகிறவருக்கு அது வசதி. நிற்கவைத்து வேலை வாங்குகிறவருக்குக் கரைச்சல். மிதித்துக்கொண்டே இறங்கிப் போய் வேலை செய்ய ஏலாதுதானே. அதனால் லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் கையால் இழுத்து வைக்கிற ஒரு குமிழோ நெம்போ கனகாலம் தங்கியிருந்தது. 1948 இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லான்ட் ரோவர் வெளியானபோது, எஞ்சினின் சக்தியை வெளியே எடுத்து வேறு இயந்திரங்களை ஓட்டலாம் எண்டதே அதன் பெரிய விளம்பரமாக இருந்தது.

மின்சாரத்தின் கதையும் இப்படித்தான். பழைய வாகனங்களில் இருந்த டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கிட்டத்தட்ட ஒண்டும் தராது. வானொலித் தொடர்புக்கருவி பூட்டின பொலிஸ் காரும் அம்புலன்சும் அதிகம் நிற்கிற வாகனங்கள். பற்றரி இறங்குகிற தலையிடி முதலில் அவைக்குத்தான். மெதுவான சுற்றிலும் ஓரளவு மின்சாரம் தருகிற அல்ரனேற்றர் அப்படிப்பட்ட வாகனங்களில் முதலில் இடம்பிடித்து, 1960 இல் கிறைஸ்லரின் வேலியன்ட் காரோடு சாதாரண ஆக்களின் கைக்கும் வந்தது. வேலைவாகனத்தின் தேவை பிறகு எல்லாருடைய வசதியாக மாறின உதாரணம் இது.

அடுத்த மாற்றம் கணினி. 1985 இல் டெற்றொயிட் டீசல் கம்பனி மின்னணுவால் கட்டுப்படுத்தும் கனரக டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் பிறகு மற்றவர்களும். எவ்வளவு எரிபொருள் போகவேணும் எண்டதைக் கம்பிக்குப் பதிலாகக் கணினி தீர்மானிக்கத் தொடங்கியது. கையால் இழுக்கிற குமிழுக்கு இழுக்க ஒரு கம்பியே இல்லாமல் போனது. வேலைக்காரர் எஞ்சினைக் கேட்பதென்றால் இனிக் கணினியைத்தான் கேட்கவேணும்.

கேட்கிற வழியும் கம்பனியே தந்தது. ஃபோர்டின் வேலை ட்ரக்குகளில் இருக்கிற ஏற்பாட்டைப் பார்த்தால் விளங்கும். அதற்கென ஒதுக்கின வயரைச் சுவிட்சோடு இணைத்தால் கணினி எஞ்சினை உயர்த்தும். ஆனால் நிபந்தனைகள் இருக்கு. ஹான்ட் பிறேக் போட்டிருக்கவேணும். கியர் பார்க்கில் இருக்கவேணும். கால் எந்த மிதியிலும் இருக்கக்கூடாது. வாகனம் அசையக்கூடாது. இதில் ஒண்டு பிசகினாலும் கணினி எஞ்சினைப் பழைய சுற்றுக்கு இறக்கிவிடும். சில மெக்கானிக்மாருக்கு இது எரிச்சல். ஆனால் குமிழை இழுத்து வைத்துவிட்டு, மறந்துபோய் கியரைப் போட்டால் லொறி பாய்ந்துவிடும். கூடைக்குள் ஒருவர் உயரத்தில் நிற்கேக்க அப்படி நடந்தால் என்ன ஆகும் எண்டு யோசித்தால், அந்த நிபந்தனைகளில் நியாயம் தெரியும்.

அதே கம்பனி 2005 ஆம் ஆண்டு சுப்பர் டியூட்டி ட்ரக்கில்தான் அந்தப் பெயரில்லாத நாலு சுவிட்சையும் டாஷ்போர்டிலேயே வைத்தது. அதற்கு முன்னம் ஒரு விளக்குப் பூட்டவேணும் எண்டால், டாஷ்போர்டில் ஓட்டை போட்டு, ஏதோ ஒரு வயரைச் சுரண்டி அதிலிருந்து மின்சாரம் எடுக்கவேணும். கூடின மின்னோட்டம் மெல்லிய வயரில் போனால் சூடேறும், சிலவேளை எரியும். அதற்குத்தான் றிலேயும் பியூஸும். விரலால் அமத்துகிற சுவிட்ச் ஒரு சின்ன மின்னோட்டத்தை மட்டும் அனுப்பும். அது றிலேயைத் தூண்ட, றிலே தடித்த வயரில் போகிற பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும். அளவு மிஞ்சினால் பியூஸ் உருகி வயரைக் காக்கும். தந்திக் காலத்து யோசனை இது. இப்போது அதைத் தொழிற்சாலையிலேயே பூட்டி, வயர் நுனிகளை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். அதை எதில் இணைப்பது எண்டது வாங்குகிறவரின் விருப்பம்.

சித்தப்பாவின் கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான். அந்த வாகனத்தால் சனம் என்ன செய்யப்போகுது எண்டு கம்பனிக்குத் தெரியாது. தெரியாது எண்டதை அது ஏற்றுக்கொண்ட அடையாளம்தான் அந்தப் பெயரில்லாமை. பின்சில்லில் பெல்ற் மாட்டின விவசாயிக்கு நூறு வருசம் கழித்துக் கிடைத்த ஒரு மரியாதை எண்டுகூடச் சொல்லலாம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கு. நிற்கிற டீசல் எஞ்சினின் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் நிற்கிற தொழிலாளிதான். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. ரொறன்ரோ நகரில் ஒரு வாகனம் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா உறுமிக்கொண்டு நிற்கக்கூடாது. வேலைக்காக எஞ்சினை ஓட்டுகிற வாகனங்களுக்கு விலக்கு உண்டு. சட்டம் அந்த வேலையை மதிக்கிறது. அந்த நுரையீரலை யார் மதிப்பது எண்டது மிச்சம் இருக்கிற கேள்வி.

இதையெல்லாம் எழுதி சித்தப்பாவுக்கு அனுப்ப முதல், அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துப்போட்டுச் சொன்னார்: "அவனுக்கு இது சின்ன வயசிலேயே தெரியுமடா."

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரிக்கும் பெற்றோலுக்கும் தட்டுப்பாடு. கார்களைக் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓட்டின காலம். வீட்டில் ரேடியோ கேட்பதெண்டால், சைக்கிளை ஸ்டான்டில் நிப்பாட்டி, பெடலைக் கையால் சுத்த, டைனமோவில் ரேடியோ பாடும். எங்கட வீட்டில் அப்பப்பாவுக்குச் செய்தி கேட்க, பெடல் சுத்தினது சித்தப்பா. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயசு. கை களைச்சு மெதுவானால் வாசிக்கிறவரின் குரல் மங்கும். "கெதியாச் சுத்தடா" எண்டு அப்பப்பா கத்துவாராம். எங்கை ஷெல் விழுந்தது, யார் யார் செத்தது எண்டது அந்தச் சுற்றில் தங்கியிருந்தது.

நிற்கிற வாகனம், டைனமோ, மெதுவானால் மங்குகிறது, வேகமாகச் சுத்தினால் திரும்பி வருகிறது. சித்தப்பாவுக்கு ட்ரக் பாவிக்கத் தெரியாது எண்டு சொன்னவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அமெரிக்க விவசாயியின் பெல்ற்றுக்கு ஆய்வுக்கட்டுரை இருக்கு. எங்கட சைக்கிளுக்கும் மண்ணெண்ணெய்க் காருக்கும் இருப்பது பெரும்பாலும் ஞாபகங்கள்தான். அந்தக் காரை மாத்திக் குடுத்த கராஜ்காரர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயசு. எந்த வயரை எங்கே பூட்டினது, யார் முதலில் யோசிச்சது, எது பிழைச்சது எண்டு கேட்டு எழுதிவைக்க இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கு. உங்கட வீட்டிலும் ஒருவர் இருப்பார். இந்த லீவுக்குப் போகேக்க கேட்டுப்பாருங்கோ.